ஏ.டி.எச்.டி. குழந்தைக்கு மூளை ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?

கேள்வி, மார்ச் 2, மாலை

மகனுக்கு ஒன்பது வயது. ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு என்று குழந்தை மனநல மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் ஸ்கேன் எதுவும் எழுதித் தரவில்லை. இரண்டு தாள் நிறையக் கேள்வி, டீச்சருக்கு ஒரு தாள், அவ்வளவுதான். மூளையில் வித்தியாசம் என்றால் மூளையைப் பார்க்காமல் எப்படி முடிவு செய்யலாம்? மாமியார் வீட்டில் "பையன் சேட்டை பண்றான், அதுக்கு இவ ஒரு பேர் வச்சிருக்கா" என்கிறார்கள். "அவங்க அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தான், இப்ப நல்லா இல்லையா" என்றும் மாமியார் சொல்கிறார். ஸ்கேனில் காட்டினால் வாயை மூடுவார்கள். எங்கே எடுக்கலாம்?

மார்ச் 2, இரவு 10.40

எடுக்காதீர்கள், சகோதரி. எம்.ஆர்.ஐ. அறையில் பதினாறு வருடமாக டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். உங்கள் மகனுக்கு எடுத்தால் பெரும்பாலும் "குறிப்பிடத்தக்க மாறுபாடு ஏதுமில்லை" என்றுதான் ரிப்போர்ட் வரும். அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "பாத்தியா, ஸ்கேனே நார்மல்னு சொல்லுது" என்பார்கள். உங்கள் காசில் அவர்களுக்கு ஒரு சாட்சி வாங்கிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

அந்த இரண்டு தாள் கேள்வியை லேசாக நினைக்க வேண்டாம். பரிசோதனையே அதுதான். வீட்டிலும் பள்ளியிலும் என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கை அதனால் கெட வேண்டும். டீச்சருக்குத் தனித் தாள் கொடுத்தது இதற்காகத்தான்.

ஸ்கேன் தேவைப்படும் குழந்தைகளும் உண்டு. வலிப்பு, விடாத தலைவலியோடு வாந்தி, ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழப்பது, இப்படி ஏதாவது இருந்தால் மருத்துவரே எழுதுவார். பேச்சின் நடுவில் சில விநாடி அப்படியே உறைந்துபோய், ஒன்றுமே நடக்காததுபோல் தொடரும் குழந்தைக்கு இ.இ.ஜி., அதாவது மூளையின் மின்னலைப் பதிவு, பார்ப்பார்கள். அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம், கனவு காண்கிறான் என்று விட்டுவிடக் கூடாது.

என் மகளுக்கும் ஏ.டி.எச்.டி. இருக்கிறது. அவளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 3, காலை 6.15

"ஸ்கேனில் தெரியாது என்றால் மூளையில் வித்தியாசமே இல்லை என்று அர்த்தமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. வித்தியாசம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான மூளைகளை அடுக்கிச் சராசரி எடுத்தால்தான் அது கண்ணுக்குப் படும்.

2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஏ.டி.எச்.டி. உள்ள 152 பிள்ளைகள், இல்லாத 139 பேர். மூளையின் மொத்தக் கொள்ளளவு முதல் கூட்டத்தில் சராசரியாக மூன்று சதவீதம் அளவுக்குக் குறைவு. சிறுமூளையிலும் குறைவு. முக்கியமான ஒன்று: மருந்தே சாப்பிடாத பிள்ளைகளுக்கும் அந்தக் குறைவு இருந்தது. மருந்து சாப்பிட்டு மூளை சுருங்கிவிட்டது என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெண்பொருள், அதாவது மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள், மருந்து எடுக்காதவர்களிடம்தான் இன்னும் குறைவாக இருந்தது.

மார்ச் 3, மதியம் 1.20

காலையில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு அம்மா "அப்போ என் பிள்ளைக்கு மூளை சின்னதா?" என்று கேட்டிருக்கிறார். அவசரத்தில் எழுதியது என் தவறு. இரவு சரியாக எழுதுகிறேன். இல்லை அம்மா, அப்படி இல்லவே இல்லை.

மார்ச் 3, இரவு 11.05

சரி, பொறுமையாக.

2017-ல் 23 மையங்களின் ஸ்கேன்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் 1,713 பேர், இல்லாதவர்கள் 1,529 பேர், வயது நான்கு முதல் 63 வரை. மூளையின் உள்ளே ஆழத்தில் இருக்கும் சில பகுதிகளை அளந்தார்கள். அமிக்டலா உணர்ச்சியோடு சேர்ந்தது. அக்கும்பென்ஸ், ஒன்று கிடைக்கப்போகிறது என்ற ஆவலோடு சேர்ந்தது. காடேட், புட்டமென் இரண்டும் செயலைத் தொடங்குவதிலும் நிறுத்துவதிலும் பங்கு உள்ளவை. நினைவுக்கான ஹிப்போகாம்பஸ். ஐந்திலும் சராசரி கொஞ்சம் குறைவு. அதிக வித்தியாசம் அமிக்டலாவில்.

எவ்வளவு அதிகம்? ஏ.டி.எச்.டி. உள்ள ஒருவர், இல்லாத ஒருவர் என்று கண்ணை மூடிக்கொண்டு நூறு ஜோடி பொறுக்குங்கள். ஏறத்தாழ 55 ஜோடியில் ஏ.டி.எச்.டி. உள்ளவரின் அமிக்டலா சிறியதாக இருக்கும். 45 ஜோடியில் பெரியதாக இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். மற்ற நான்கிலும் இதைவிடக் குறைவு. ஆகவே அம்மா, உங்கள் மகனின் மூளை சின்னதா பெரியதா என்று இந்த ஆய்வை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அளவு கொஞ்சம் குறைந்தால் புத்தி குறையும் என்றும் ஆகாது.

இந்த வித்தியாசம் குழந்தைகளிடம்தான் தெரிந்தது, பெரியவர்களிடம் தெளிவாக இல்லை. அதே குழுவினர் மூளையின் மேலுறையை, புறணி என்போமே, அதைத் தனியாக அளந்து 2019-ல் வெளியிட்டார்கள். அங்கேயும் குழந்தைகளிடம்தான் வித்தியாசம்.

மார்ச் 9, இரவு

என் மகளுக்குப் பத்து வயதில் உறுதி செய்தார்கள். இப்போது பன்னிரண்டு. ஓடியாடும் வகை இல்லை. ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டே காணாமல் போகும் வகை. சத்தம் போடாததால் மூன்று பள்ளி ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும் படவில்லை. "நல்ல பொண்ணு, கொஞ்சம் மந்தம்" என்று ஒரு டீச்சர் எழுதிக் கொடுத்த தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் என்னைத் தாங்கிப் பிடித்தது 2007-ல் வந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் செய்தது. ஏ.டி.எச்.டி. உள்ள 223 பிள்ளைகள், இல்லாத 223 பேர், பலருக்கு வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப ஸ்கேன். குழந்தைப் பருவத்தில் புறணி தடித்துக்கொண்டே போய், ஒரு உச்சத்தைத் தொட்டு, பிறகு மெலியத் தொடங்கும். புறணியின் பாதிப் பரப்பு அந்த உச்சத்தைத் தொடும் வயது மற்ற பிள்ளைகளுக்கு ஏழரை. ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்குப் பத்தரை. அதிகம் பிந்தியது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி. பொறு, யோசி, முதலில் இதை முடி என்று சொல்ல வேண்டிய இடம் அது. உடலை அசைக்கும் பகுதி மட்டும் அவர்களுக்கு மற்றவர்களைவிடச் சற்று முன்னதாகவே முதிர்ந்துவிடுகிறது. ஓடு என்று சொல்லும் பகுதி ரெடி. நில் என்று சொல்லும் பகுதி வந்துகொண்டிருக்கிறது.

மூன்று வருடம் தாமதம், அவ்வளவுதானே, வந்துவிடும். இதை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்திருந்தேன். சகோதரி, உங்கள் மகனிடம் ஆறு வயதுப் பையனிடம் எதிர்பார்ப்பதை எதிர்பாருங்கள். வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

மார்ச் 10, காலை

ஆசிரியை ஒருவர் நியாயமான ஒன்றைக் கேட்டிருக்கிறார். "நேற்று இருபது கணக்கும் சரியாகப் போட்டான். இன்று முதல் கணக்கிலேயே உட்கார்ந்துவிட்டான். முடியாது என்றால் நேற்று எப்படி முடிந்தது? திமிர் என்று நினைக்காமல் என்ன நினைப்பது?"

டீச்சர், நீங்கள் சொல்வதுதான் இதன் அடையாளங்களில் முக்கியமான ஒன்று. திரையில் அம்புக்குறி வந்ததும் பட்டனை அமுக்கு என்று ஒரு சோதனை உண்டு. ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் எல்லா முறையும் மெதுவாக அமுக்குவதில்லை. பல முறை மற்றவர்களைப்போலவே வேகமாக அமுக்குவார்கள். திடீரென்று ஒரு முறை மிகத் தாமதமாகும். சராசரி வேகத்தைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்பத் தெரிகிறது.

ஏன் அப்படி? ஒரு விளக்கம் இருக்கிறது. நாம் எதையும் செய்யாமல் சும்மா இருக்கும்போது மூளையில் ஒரு வலைப்பின்னல் சுறுசுறுப்பாகும். பழைய ஞாபகம், நாளைய கவலை, பகல்கனவு எல்லாம் அதன் வேலை. வேலையில் இறங்கியதும் அது அடங்க வேண்டும், கவனத்துக்கான வலைப்பின்னல் எழ வேண்டும். ஏ.டி.எச்.டி.யில் அந்த அடங்கல் முழுதாக நடப்பதில்லை, வேலையின் நடுவே அது மறுபடி தலைதூக்குகிறது என்று 2007-ல் இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிறகு வந்த பல ஸ்கேன் ஆய்வுகள் இதற்கு ஒத்துப்போகின்றன. எல்லாமே அல்ல.

என் மகள் டிபன் பாக்ஸைக் கழுவப் போனாள் என்றால் குழாயடியில் தண்ணீர் ஓடும், கையில் பாக்ஸ் இருக்கும், ஆள் இருக்க மாட்டாள். கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவாள். நடிக்கிறாள் என்று நினைத்து அடித்திருக்கிறேன். அந்தத் திடுக்கிடலை யாராலும் நடிக்க முடியாது என்பது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

மார்ச் 10, இரவு

கேள்வி கேட்ட சகோதரிக்கு, விட்டுப்போனது ஒன்று. "அவங்க அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்தான், இப்ப நல்லா இல்லையா" என்று மாமியார் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அதைக் கேட்டு வருந்த வேண்டாம், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அப்படியே சொல்லுங்கள். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் சுமார் 74 சதவீதம் மரபின் பங்கு. ஒரே ஒரு மரபணு அல்ல. 2023-ல் வந்த ஆய்வு மரபுத்தொகுதியில் 27 இடங்களைக் காட்டியது, ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. மாமியார் மறுப்பதற்காகச் சொன்னது உங்களுக்கான ஆதாரம்.

மார்ச் 16, அதிகாலை 4.30, நைட் டியூட்டி

முதல் பதிவில் "எடுக்காதீர்கள்" என்று எழுதினேன். நான் எடுத்தேன் என்பதை அங்கே எழுதவில்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மகளுக்கு உறுதி செய்த மறுமாதம் மருத்துவரை நச்சரித்து எழுதி வாங்கினேன். அவர் வேண்டாம் என்றார். நான் அந்த மெஷினோடு வாழ்கிறவன், அவளுடைய மூளையைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளை நானே படுக்க வைத்தேன். காதில் அடைப்பு, தலையைச் சுற்றிக் காயில் என்கிற சிக்னல் வாங்கும் கூண்டு, கையில் அவசரத்துக்கு அமுக்கும் பல்ப். "அசையாம படுடா கண்ணு, நாலு நிமிஷம்." முதல் தொடர் எடுத்தேன், அசைந்திருந்தாள். படம் முழுக்க அலை அலையாகக் கோடு. மறுபடி எடுத்தேன், மறுபடி அசைந்தாள். மூன்றாவது முறை மைக்கில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மூன்று முறையும் அசைந்தாள். அதில் தேறியதை வைத்து ரேடியாலஜிஸ்ட் பார்த்தார். எதுவுமில்லை, நார்மல்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. ஏதாவது ஒன்றைக் காட்டியிருந்தால் "இதோ பார், இதனால்தான்" என்று எனக்கே சொல்லிக்கொண்டிருப்பேன். சகோதரி, நீங்கள் மாமியார் வாயை அடைக்க ஸ்கேன் கேட்டீர்கள். நான் என் வாயை அடைக்க எடுத்தேன்.

அந்த அலைக்கோடுகள் இன்னொன்றையும் புரிய வைத்தன. ஸ்கேனுக்குள் தலை அசைந்தால் படம் மங்குவது எங்களுக்குத் தெரிந்ததுதான். கண்ணுக்குத் தெரியாத அளவு அசைந்தாலும் கணினி அளக்கும்போது புறணி மெலிந்ததாகவும் நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல்நிறப் பொருள் குறைந்ததாகவும் காட்டும். ஒரே ஆளை அசையாமலும் தலையாட்டச் சொல்லியும் படமெடுத்து 2015-ல் இதைக் காட்டினார்கள். அதிகம் அசையும் குழந்தைகள் யார்? நாம் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்தான். அப்படியானால் ஆய்வுகளில் தெரியும் வித்தியாசத்தில் கொஞ்சமாவது மூளையினுடையதாக இல்லாமல், அசைவினுடையதாக இருக்கலாம். எல்லாமே அசைவு என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆய்வாளர்கள் அசைந்த படங்களைக் கழிக்கிறார்கள். ஆனால் கழித்தால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளே கழிந்துபோகிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, சின்ன வித்தியாசம் என்று எதைப் படித்தாலும் முதலில் அசைவை என்ன செய்தார்கள் என்றுதான் தேடுகிறேன்.

மார்ச் 17, இரவு

"பிரெயின் மேப்பிங் எடுத்தால் ஏ.டி.எச்.டி. உறுதியாகத் தெரியும் என்று ஒரு மையத்தில் பணம் கேட்கிறார்கள்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இ.இ.ஜி.யில் இருவகை அலைகளின் விகிதத்தைப் பார்ப்பது அது. 2013-ல் அமெரிக்காவில் மருத்துவருக்குத் துணைக்கருவியாக ஒன்றை அனுமதித்தார்கள். துணை என்பதைக் கவனியுங்கள். 2016-ல் அமெரிக்க நரம்பியல் அகாதமி, மருத்துவரின் பரிசோதனைக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. பணத்தை வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, குழந்தையின் தெரபிக்கு ஆகும்.

ஸ்கேனை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று 2011-ல் உலக அளவில் ஒரு போட்டியே நடந்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் மூளைப் படங்களைக் கொடுத்து, யாருக்கு ஏ.டி.எச்.டி. என்று கணினியைச் சொல்ல வைக்க வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று தன் விடைக்கு மூளைப் படங்களைப் பயன்படுத்தவே இல்லை. வயது, ஆணா பெண்ணா, எந்தக் கைப்பழக்கம், ஐ.க்யூ. மதிப்பெண், இவற்றை மட்டும் வைத்து 62 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. படங்களை அலசிய எந்தக் குழுவும் அதைத் தாண்டவில்லை. படம் இல்லாததால் அவர்களுக்குப் பரிசு கிடையாது. படமெடுத்துப் பிழைக்கிறவன் நான். இதைப் படித்த அன்று வெகுநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 24

மூளையில் நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள். "டோபமைன் குறைவு, மருந்து அதை நிரப்புகிறது, சர்க்கரைக்கு இன்சுலின் மாதிரி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்கச் சுலபமாக இருக்கிறது, ஆனால் அவ்வளவு நேராக இல்லை.

டோபமைன் ஒரு நரம்பணுவிலிருந்து வெளியே வந்து செய்தி சொன்னதும், அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வாயில்கள் உண்டு. ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து அந்த வாயில்களை அடைக்கிறது. டோபமைன் இன்னும் கொஞ்ச நேரம் வெளியே நிற்கிறது. 1999-ல் ஆறே பேரை வைத்துச் செய்த ஆய்வில் இந்த வாயில்கள் ஏ.டி.எச்.டி.யில் 70 சதவீதம் அதிகம் என்று வந்தது. எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2009-ல் மருந்தே எடுக்காத 53 பெரியவர்களைப் பார்த்தபோது சில பகுதிகளில் குறைவாக இருந்தது. 2012-ல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள் ஒரு காரணம் சொன்னார்கள்: முன்பு மருந்து எடுத்தவர்களிடம் வாயில்கள் அதிகம், எடுக்காதவர்களிடம் குறைவு. மருந்துக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொள்கிறது போலிருக்கிறது. அதோடு நார்அட்ரினலின் என்ற இன்னொரு செய்தி கடத்தும் வேதிப்பொருளும் இருக்கிறது, நெற்றிப் பகுதிக்கு அது டோபமைன் அளவுக்கே முக்கியம். இரண்டும் குறைந்தாலும் கெடுதல், மிதமிஞ்சினாலும் கெடுதல். அதனால்தான் மருத்துவர் அளவைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பார்க்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அளவு உங்கள் பிள்ளைக்கு ஆகாது.

இந்த வகை மருந்து வந்த கதை என் தொழிலோடு சம்பந்தப்பட்டது. 1930-களில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், மனநலப் பிரச்சினை உள்ள பிள்ளைகளுக்கான இல்லத்தில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் இருந்தார். அன்றைக்கு மூளையைப் படமெடுக்க முதுகெலும்பு வழியாகத் திரவத்தை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்தி எக்ஸ்-ரே எடுப்பார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத தலைவலி வரும். அந்தத் தலைவலிக்காக பென்செட்ரின் என்ற ஆம்பெடமைன் வகை ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பள்ளிப் பாடம் செய்ய முடிகிறது என்று பிள்ளைகளே சொன்னார்கள். "கணக்கு மாத்திரை" என்று பெயர் வைத்தார்கள். 1937-ல் அவர் வெளியிட்டபோது 30 பேரில் 14 பேருக்குப் பள்ளியில் வியக்கத்தக்க முன்னேற்றம். மூளையைப் படமெடுக்கப் போய், படத்தில் இல்லாத ஒன்று கிடைத்திருக்கிறது.

ஏப்ரல் 6

மார்ச் 9-ல் எழுதியதைத் திருத்த வேண்டும். "மூன்று வருடம் தாமதம், வந்துவிடும்" என்று எழுதினேன். இன்று ஒரு அப்பா "அப்போ 15 வயசில் சரியாகிவிடும், மருந்து வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்" என்று எழுதியிருக்கிறார். படித்ததும் பதறிவிட்டது.

ஐயா, அந்த மூன்று வருடம் புறணியின் தடிமனுக்கான சராசரிக் கணக்கு. உங்கள் பிள்ளைக்கு நாள் குறித்துக் கொடுத்த ஜாதகம் அல்ல. அதே நிறுவனத்தார் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்தார்கள். ஏ.டி.எச்.டி. விலகியவர்களின் புறணி மற்றவர்களோடு நெருங்கி வந்தது. விலகாதவர்களிடம் நெற்றிப் பகுதியில் அது தொடர்ந்து மெலிந்துகொண்டு போனது. இன்னொரு ஆய்வு 558 பிள்ளைகளைப் பதினாறு வருடம்வரை பின்தொடர்ந்தது, 2022-ல் அச்சானது. பத்தில் மூன்று பேருக்கு ஏதோ ஒரு சமயத்தில் முழுவதும் விலகியிருக்கிறது. விலகி, அப்படியே நிலைத்தவர்கள் 9 சதவீதம்தான். மிகப் பலருக்கு விலகுவதும் திரும்புவதுமாக இருந்திருக்கிறது. மருந்தை நிறுத்துவதோ தொடர்வதோ மருத்துவரோடு உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு. என் பதிவை நம்பி எடுத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பர்ஸில் வைத்திருந்த தாளை எடுத்துவிட்டேன். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதை எதிர்பாருங்கள் என்று சொன்னதை மாற்ற மாட்டேன். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்வது, பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுச் சொல்வது, முடித்ததும் உடனே பாராட்டுவது. அடுத்த வாரம் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்பது இந்தப் பிள்ளைகளிடம் எடுபடாது. தூரத்தில் இருக்கும் பரிசு அவர்களுக்குச் சீக்கிரம் மங்கிவிடுகிறது.

ஏப்ரல் 7, காலை

கேள்வி கேட்ட சகோதரி பதில் போட்டிருக்கிறார். ஸ்கேன் எடுக்கவில்லை. மாமியாரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போயிருக்கிறார். தன் மகன் சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று மாமியாரே அரை மணி நேரம் சொன்னாராம். படிக்க நிறைவாக இருந்தது.

ஏப்ரல் 7, இரவு 9.50

இன்று மகள் இதை முழுவதும் படித்தாள். நான்தான் கொடுத்தேன், அவளைப் பற்றி எழுதியிருக்கிறேனே, அவள் சம்மதம் வேண்டும். அடித்ததை எழுதிய இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்கேன் பதிவில் மட்டும் ஒரு தவறு இருக்கிறது என்றாள். "மூணாவது தடவை நான் அசையலப்பா. நீங்க சத்தம் போட்டதும் மூச்சுகூட மெதுவாதான் விட்டேன்."

மாலையில் வேலைக்குப் போனதும் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு தொடரிலும் கோடுகள். மூன்றாவது சுத்தமாக இருக்கிறது. நான்கு நிமிடமும் அசையவே இல்லை. ரேடியாலஜிஸ்ட் பார்த்து நார்மல் என்றது அந்தத் தொடரைத்தான்.

மார்ச் 16 பதிவில் "மூன்று முறையும் அசைந்தாள்" என்று இருப்பதை "இரண்டு முறை" என்று திருத்திப் படிக்கவும்.